நாச்சிமுத்து பம்பைக் கழற்றிய காரணம்

சிங்காநல்லூர் மெக்கானிக்குகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் இடையில், யாரும் எழுதி வைக்காமலே நடந்துவரும் ஓர் ஒப்பந்தம் உண்டு. வெள்ளிக்கிழமை முடிகிற வேலையை, "வியாழக்கிழமையே முடிஞ்சிருச்சுங்க, வந்து எடுத்துக்கங்க" என்று மெக்கானிக் போனில் சொல்வார். "இதோ கெளம்பிட்டனுங்" என்று வண்டிக்காரர் அதே போனில் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். இரண்டு பொய்யும் நடுவழியில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். யாருக்கும் மனக்கசப்பு இராது. இந்த ஒப்பந்தத்தை உடைக்கக்கூடிய ஒரே பிறவி, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற மனிதர்.

நெகமம் பூங்கொடி அப்படிப்பட்டவள். தேங்காய் மட்டை மில் நடத்துகிறவள். வேலையாட்கள் ஏழு மணிக்கு வரவேண்டுமென்றால் தான் ஆறே முக்காலுக்கு மில் வாசலில் நிற்கிற பழக்கம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பதினொரு மணிக்கு நாச்சிமுத்துவின் ஒர்க்ஷாப் வாசலில் நின்றாள். பின்னாலேயே, பழுதான வண்டிகளை முதுகில் ஏற்றிப் போகும் ரெக்கவரி லாரி ஒன்றும் வந்து நின்றது. அதன் டிரைவர் ராயப்பன் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

லாரியைப் பார்த்ததும் நாச்சிமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

பூங்கொடியின் சிவப்புக் கார், உள்ளே, பின் சீட்டைத் தூக்கிய நிலையில் நின்றது. பெட்ரோல் டாங்கின் வாய் திறந்து, ஒரு பழைய துண்டால் மூடப்பட்டிருந்தது. பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப் இருக்கவேண்டிய இடம் அதுதான். அங்கே பம்ப் இல்லை என்பதைத் துண்டைத் தூக்காமலே யாரும் சொல்லிவிடலாம்.

காரின் வியாதி எளிமையானது. போன மாதம் அதற்குப் பெரிய டர்போ ஒன்றை நாச்சிமுத்து பொருத்தினார். டர்போ என்பது என்ஜினின் வாயில் காற்றை ஊதித் திணிக்கிற சுருள்விசிறி. காற்றைக் கூடுதலாகத் திணித்தால் பெட்ரோலையும் அதே விகிதத்தில் கூட்டவேண்டும். கம்பெனியில் போட்டுத் தந்த பம்ப் அவ்வளவு பெட்ரோலைத் தள்ளாது. அரை மிதியில் ஓட்டினால் தெரியாது. முழுக்க மிதித்தால் மூன்றே நொடியில் பெட்ரோல் அழுத்தம் இறங்கி, என்ஜின் வெறும் வயிற்றோடு வெயிலில் ஓடினவன்போல் உள்ளுக்குள் காய்ந்து, பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். ஆகவே பெரிய பம்ப். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் ஓட்டத்தளத்தில் கால் மைல் பந்தயம். பம்ப் இல்லாமல் பூங்கொடி ஓடமுடியாது.

அதே பந்தயத்தில் அதே பிரிவில் ஓடுகிற இன்னொரு வண்டியும் ஒர்க்ஷாப்பில்தான் நின்றது. நாச்சிமுத்துவின் சொந்தக் கறுப்புக் கார். மூன்று வருஷமாகக் கேடயம் அதற்குத்தான். போன வருஷம் அது பூங்கொடியை முந்தியது, கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் மூடுகிற பாதி அளவு வித்தியாசத்தில்.

"பம்ப் எங்கீங்ணா?" என்றாள் பூங்கொடி.

பம்ப் அந்தச் சமயத்தில் ஒரு பார்சல் லாரியில், சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே எங்கோ இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடும் என்று பார்சல் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள் மத்தியானம், பம்ப் போட்டாச்சு என்று போனில் சொல்லியிருந்தார்.

"கழட்டீட்டனுங் அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

"போட்டாச்சுன்னீங்களே?"

"போட்டேன். யாரு இல்லைன்னா? போட்டு, ஓட்டிப் பாத்து, அப்புறமேலுதான் கழட்டினேன்."

"ஏன் கழட்டினீங்க?"

காரணம் அவருக்கே தெரியாது. வாயைத் திறந்தால் தானே வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையில் திறந்தார்.

"பலம் ஜாஸ்தியாப் போச்சுங்."

பூங்கொடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அண்ணா, கணபதியில ஒரு ஒர்க்ஷாப்ல இந்தப் பம்ப் கையிருப்புல இருக்குது. ஒரு மணிக்குள்ள வண்டி அங்க வந்தா இன்னைக்கே போட்டுத் தர்றேன்னு சொல்லீட்டாங்க. பன்னெண்டரை வரைக்கும் இருப்பேன். இல்லைன்னா ஒண்ணு பண்ணுங்க. உங்க கறுப்பு வண்டில இருக்கறது இதே பம்ப்தானுங்களே? அதைக் கழட்டி இதுல போடுங்க."

நாச்சிமுத்து, ஒரு சிறுநீரகத்தை இப்போதே கழற்றிக் கேட்டதுபோல விலாவைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு வண்டியின் பம்பைக் கொடுத்தால் நாளை கேடயம் போகும். கொடுக்காவிட்டால், பின்கண்ணாடியில் 'நாச்சி டர்போ' என்று ஒட்டிய சிவப்புக் கார், திருச்சி ரோடு முழுக்கப் பார்க்க, லாரியின் முதுகில் மல்லாக்கத் தூக்கிப்போட்ட ஆமையைப்போல எதிரி ஒர்க்ஷாப்புக்குப் போகும். அதோடு பெயர் போகும். இரண்டும் போகாமல் இருக்க ஒரே வழி, பார்சல் வருகிறவரை இவளை நிறுத்தி வைப்பது.

பொய் சொல்கிறவனைக் கேட்பவர் நம்பவேண்டும். புளுகுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கேட்பவர் எழுந்து போகாமல் இருந்தால் போதும். நாச்சிமுத்து ஒரு ஸ்டூலை இழுத்துப் பூங்கொடிக்குப் போட்டார். ராயப்பனுக்கு ஒரு டயரைக் காட்டினார்.

"சித்த உக்காருங்க. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம அந்தப் பம்பை நீங்க எங்கயும் போட்டுக்கக் கூடாது. ஆபத்துங்."

நாச்சிமுத்துவின் குரல் இப்படி ஒரு படி உயர்ந்தால், பக்கத்துக் கடையிலிருந்து சென்னியப்பன் வந்துவிடுவார். போர்க்கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். கையில் பாதி சுற்றிய செம்புக்கம்பியோடு வந்து தூணில் சாய்ந்துகொண்டார். பதினேழு வருஷமாக நாச்சிமுத்து சொன்ன எதையும் நம்பாதவர். மழை பெய்கிறது என்று நாச்சிமுத்து சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தபிறகு, எந்த வீட்டு டாங்க் வழிகிறது என்று அண்ணாந்து தேடுவார்.

"நேத்து மத்தியானம் போட்டனுங்" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து. "சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்கூடப் பண்ணலை, சும்மா திருப்பினேன். டாங்குல முப்பது லிட்டர் இருந்துச்சு. ஒரே ஒரு 'ஙொய்ங்'. முப்பது லிட்டரும் முன்பக்கம் வந்து குவிஞ்சுக்கிச்சு. வண்டி மூக்கு கீழ, வாலு மேல. கெடா முட்டறதுக்கு நிக்குமே, அப்படி."

"வயரு தாங்குச்சா?" என்றார் சென்னியப்பன். தொழில்முறைக் கேள்வி. "பம்பைப் பெரிசாப் போட்டா வயரையும் தடிமனாப் போடோணும். இல்லைன்னா கரண்டு பத்தாது. ஹெட்லைட்டு மங்கிப்போகும்."

"மங்குச்சுங்ணா! அதைத்தான் சொல்ல வந்தேன். நம்ம வண்டி ஹெட்லைட்டு இல்லை. எதுத்தாப்ல வந்த டவுன்பஸ்ஸோட ஹெட்லைட்டு."

"மத்தியானம் பஸ்காரன் எதுக்கு ஹெட்லைட் போட்டான்?"

"நான் வர்றதைப் பாத்துத்தான் போட்டான். திருச்சி ரோட்ல ஏறினேன். ஒண்டிப்புதூர் தாண்டி ஒரு பங்க். அங்க பெட்ரோல் அடிக்கற குழாய் நாலும் கொக்கியை விட்டு எந்திரிச்சு நின்னு, நான் போற பக்கமாவே தலையைத் திருப்புது. படம் எடுத்த பாம்பு மாதிரி. பம்ப் இழுக்கற இழுப்பு அப்படி. வரிசையில நின்ன பைக்குக்காரங்க எல்லாம் டாங்க் மூடியை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஐயையோ" என்றார் ராயப்பன் மனப்பூர்வமாக.

"அது பரவால்லீங்க. எனக்கு முன்னால ஒரு டேங்கர் லாரி. ஆரனடிச்சேன். வழி விடலை. சரி, நம்மகிட்ட ஆகாதுன்னு ஒரு மிதி மிதிச்சேன். உறிஞ்சி முடிச்ச ஜூஸ் டப்பா ஒடுங்குமே, அந்த மாதிரி லாரி ஒடுங்கிப் போச்சு. டிரைவர் நல்ல மனுசன். ஒண்ணும் சொல்லலை. இறங்கினாரு, லாரியைச் சுருட்டினாரு, கக்கத்துல வெச்சுக்கிட்டு நடந்து போயிட்டாரு."

"சூலூர் வரைக்கும் ரெக்கவரி நான்தான் பாக்கறேன். எனக்கு போன் வரலையே?" என்றார் ராயப்பன்.

"கக்கத்துல வெச்சுக்கற சாமானுக்கு உங்களை எதுக்குங்க கூப்படறாங்க?"

ராயப்பன் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டார். பூங்கொடி சிரிக்கவில்லை. ஆனால் ஸ்டூலில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து அதைக் கவனித்தார். ஓரக்கண்ணால் சுவர்க் கடிகாரத்தையும் கவனித்தார். பதினொன்று இருபத்தைந்து.

"பல்லடம் தாண்டறேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கோழிப்பண்ணை. நான் போன காத்துல நாலாயிரம் கோழிக்கும் இறகு ஒட்டுக்காக் கழண்டு, மேல போயி மேகம் மாதிரி நின்னுக்கிச்சு. கோழியெல்லாம் ஒண்ணை ஒண்ணு பாத்து வெக்கப்பட்டு, செவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிச்சுங்க."

"இறகு உரிச்ச கோழிக்கு அப்பவே மஞ்சத்தூள் தடவுனயா, இல்லை திரும்பி வர்றப்பத் தடவுனயா?" என்றார் சென்னியப்பன்.

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்ணா. வண்டி நிக்கோணுமே! சுல்தான்பேட்டை வந்துருச்சு. டாங்க் காலி. முள்ளு அடியில படுத்திருச்சு. ஆனாலும் வண்டி ஓடுது. எப்படின்னு சொல்லுங்க பாக்கலாம்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"பூமிக்குள்ள இருந்து இழுத்திருக்குதுங்க! அங்க ஒரு தோட்டத்துல ஆயிரத்து இருநூறு அடி போர். எட்டு வருசமாக் காஞ்சு கெடக்குது. நான் அந்தப் பக்கம் போறேன், கெணத்தடியில உக்காந்திருந்த தோட்டக்காரர் காதுல 'குபுகுபு'ன்னு சத்தம் கேக்குது. போர்ல பெட்ரோல்! பாவம், தண்ணின்னு நெனச்சு வாழைக்குப் பாய்ச்சிட்டாரு. இப்ப அந்த வாழைத்தார் எதையும் லாரியில ஏத்தறதில்லையாம். காலைல அதுவாவே மார்க்கெட்டுக்குக் கெளம்பிருதாம்."

"ஆயிரத்து இருநூறு அடிக்கு ஏழரை ஹெச்.பி. மோட்டாரே திணறும்" என்றார் சென்னியப்பன். "உன்ற பம்ப் என்ற கட்டைவிரல் தண்டிதான் இருக்குது."

"அணில்கூடச் சின்னதுதானுங்ணா. தென்னைமரம் ஏறலையா?"

சென்னியப்பன் அடுத்த கேள்வியை எடுப்பதற்குள் நாச்சிமுத்து காத்தாடிகளுக்கு வந்துவிட்டார். பல்லடத்துக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே, மின்சாரம் எடுக்க நூற்றுக்கணக்கில் நட்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் காத்தாடிகள்.

"வலது பக்கம் இருந்த காத்தாடி பூராவும் வலஞ்சுத்து. இடது பக்கம் பூராவும் இடஞ்சுத்து. ரோட்டு வளைவுல ஒண்ணு நேர் எதிர்ல நின்னுச்சு. எந்தப் பக்கம் சுத்தறதுன்னு அதுக்குத் தெரியலை. கையை அப்படியே வெச்சுக்கிட்டு, கம்பம் சுத்த ஆரம்பிச்சிருச்சு! அந்த அஞ்சு நிமிசத்துல உற்பத்தியான கரண்டு... சென்னியண்ணா, நேத்துச் சாயங்காலம் உங்க கடை ட்யூப்லைட்டு சும்மா பகல் மாதிரி எரிஞ்சுதா இல்லையா?"

"நேத்துச் சாயங்காலம் கரண்டே இல்லை."

"பாத்தீங்களா! தாங்கலை. ஃப்யூஸ் போயிருச்சு."

சென்னியப்பன் செம்புக்கம்பியை எண்ணாமலே நான்கு சுற்று சுற்றிவிட்டார். எண்ணிக்கை தப்பிப்போய், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

அப்போது நாச்சிமுத்துவின் போன் அடித்தது. பார்சல் ஆபீஸ். அவர் எழுந்து, கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் நின்று காதில் வைத்தார். அரை நிமிஷம் கேட்டார். சேலத்தில் ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்கு மாற்றும்போது ஒரு மூட்டை நின்றுவிட்டதாம். அதில்தான் பம்ப். திங்கட்கிழமை காலையில் கண்டிப்பாக வந்துவிடுமாம்.

மணி பன்னிரண்டு ஐந்து.

இதுவரை அவர் நேரத்தைக் கடத்துவதற்காகப் புளுகிக்கொண்டிருந்தார். இப்போது கடத்திய நேரம் எதையும் கொண்டுவரப் போவதில்லை. புத்தியுள்ளவன் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லி, கையைக் கூப்பி, அம்மிணியின் மன்னிப்பைக் கேட்டிருப்பான். ஆனால் புளுகு என்பது மலைப்பாதை மாதிரி. பாதி ஏறினபிறகு திருப்புவதற்கு இடம் இராது.

"யாருங்ணா போன்ல?" என்றாள் பூங்கொடி.

"வால்பாறையில இருந்துங்" என்றார் நாச்சிமுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நேத்து நான் வந்துட்டுப் போனதுல இருந்து மலைப்பாதையில ஒரு வளைவைக் காணமாம்."

"வளைவைக் காணமா?"

"நாப்பது கொண்டை ஊசி வளைவு இருந்த எடத்துல இப்ப முப்பத்தொம்பதுதான் இருக்குதாம். என்மேல சந்தேகப்படறாங்க."

ராயப்பன் டயரை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ஆழியாறுல ஏறுறப்பவே சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில போட்டுட்டேன். பம்ப் நிக்கோணுமில்ல? நிக்கலை. அதுக்குப் பழகிருச்சு. சாவியெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்னு நெனச்சிருச்சு. வளைவெல்லாம் வருது பாருங்க, அஞ்சு, ஆறு, ஏழு, ஒம்பது..."

"எட்டு?" என்றார் சென்னியப்பன்.

"எட்டு அப்பத்தான் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு ஓடி வந்துச்சுங்ணா. அதை மதிச்சு நின்னிருக்கலாம். பிரேக்கை மிதிச்சா, பம்ப் பிரேக் ஆயிலையும் உறிஞ்சி வெச்சிருக்குது. இருபத்திமூணாவது வளைவுல பம்பர் லேசா மாட்டுச்சு. பூசணிக்கொடியைக் காலால இழுத்தா வருமே, அப்படியே வளைவு முழுசும் மலையில இருந்து உரிஞ்சு வந்துருச்சு. அட்டகட்டி வரைக்கும் பின்னாடி தொங்கிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் எங்கயோ விழுந்திருச்சு. தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தர்றேன்னு சொல்லியிருக்கறேன்."

"அது எப்படி இருக்கும், கெடைச்சா சொல்றதுக்கு?" என்றார் ராயப்பன்.

"இருபத்திமூணுன்னு போர்டு மாட்டியிருக்குமுங்க. இன்னும் கேளுங்க. மேல ஒரு வரையாடு ரோட்டைக் கடந்துக்கிட்டு இருந்துச்சு. நான் அதைத் தாண்டிப் போயித் திரும்பிப் பாத்தா, அது இன்னும் கடக்கவே ஆரம்பிக்கலை. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வால்பாறை போய்ச் சேந்து மணி பாத்தேன். இங்க கெளம்பினது நாலரை. அங்க போய்ச் சேந்தது நாலேகால்."

"கடிகாரம் நின்னிருக்கும்" என்றார் சென்னியப்பன்.

"கடிகாரம் சரியா ஓடுது. நேரந்தான் பின்தங்கிப் போச்சு. உடனே வண்டியைத் திருப்பினேன். வந்த வெசையில இங்க வந்து நின்னா மணி மூணேமுக்கால். ஒர்க்ஷாப் தெறந்திருக்குது. உள்ள யாரோ ஒருத்தன் இந்தச் சிவப்பு வண்டியில குனிஞ்சு நின்னு, அந்தப் பம்பை டாங்குக்குள்ள இறக்கப் போறான். யாருன்னு பாத்தா..." நாச்சிமுத்து நிறுத்தி, மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நான்."

ராயப்பன் டயரிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"'அடேய் நாச்சி, போடாதே! பலம் ஜாஸ்தி!'ன்னு கத்தினேன். அவன் திரும்பிப் பாத்து, 'நீ யாருடா எனக்குச் சொல்றதுக்கு'ங்கறான். என் குணந்தான் உங்களுக்குத் தெரியுமே, நான் சொன்னா நானே கேக்க மாட்டேன். கட்டிப் புரண்டு அந்தப் பம்பைப் பிடுங்கி வீசினேன். நொய்யல் பக்கமாப் போயிருச்சு. இப்பக் கணக்குப் பண்ணிப் பாருங்க அம்மிணி. பம்பைப் போடறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டனா? அதனாலதான் போட்டும் போடாத மாதிரி இருக்குது."

ராயப்பன் கைதட்டினார். லாரியில் வண்டிகளை ஏற்றி இறக்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்த மாதிரி ஒரு காத்திருப்பு அவருக்கு வாய்த்ததில்லை. சென்னியப்பன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, எந்த முனையைப் பிடித்து அவிழ்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மணி பன்னிரண்டு இருபது.

"நம்பறேனுங்ணா" என்றாள் பூங்கொடி.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தாறு வயதில் இந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. கட்டிய மனைவிகூட, "சரி, கையைக் கழுவீட்டு வாங்க" என்றுதான் சொல்வாள்.

"நம்பறீங்களா?"

"நம்பாம? எங்க மில்லு முன்னாடிதானே நின்னீங்க."

"நின்னனா?"

"நிறுத்தினதே நான்தானே!" பூங்கொடி கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மில் வாசலில் யார் வந்தார், யார் வரவில்லை என்று சொல்கிற அதே குரல். "சாயங்காலம் களத்துல நார்த்தூள் காயப் போட்டிருந்தோம். முன்னூறு மூட்டை இருக்கும். பல்லடம் பக்கம் கோழியிறகு மேகம் எந்திரிக்கறதைப் பாத்தேன். சரி, நாச்சியண்ணன்தான் வர்றாரு, நிக்க மாட்டாம வர்றாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னை, அந்தப் பக்கம் ஒரு தென்னை. நடுவுல எங்க தேங்காநார்க் கயிறு ஒண்ணை இழுத்துக் கட்டினேன். ஒத்தைக் கயிறு. நீங்க வந்து முட்டினீங்க. கயிறு இழுபட்டுக்கிட்டே போகுது, வண்டியும் போகுது. பொள்ளாச்சி தாண்டி, ஆனைமலை வரைக்கும் போயிருச்சு. அங்க ஒரு நொடி நின்னு யோசிச்சிட்டு, அப்படியே மெதுவாத் திரும்பி வந்து எங்க கேட்டுக்கிட்ட நின்னுச்சு. முன்னூறு மூட்டைத் தூளும் மேல போனது இன்னும் இறங்கலை. நெகமத்துல காலைல இருந்து வெயிலே கெடையாது. யாராச்சும் ஒருத்தர் போன் போட்டுக் கேட்டுக்கங்க."

ராயப்பன் போனை எடுத்துவிட்டார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் மறுபடி வைத்தார்.

நாச்சிமுத்துவின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. தனக்குத் தெரியாத ஊரில் தன் மொழி பேசுகிற ஆளைக் கண்டவரின் ஒளி. "ஆமாமுங்" என்று தலையாட்டினார். "நின்னேன், நின்னேன். இந்தப் பதட்டத்துல மறந்தே போச்சு."

"எறங்கி எளநி குடிச்சீங்க."

"குடிச்சேன். நல்ல எளநி."

"குடிச்சுட்டு என்ன சொன்னீங்க?"

"என்னங் சொன்னேன்?"

"'அம்மிணி, இந்தப் பம்ப் உங்களுக்கு ஆகாது, போனதும் கழட்டிர்றேன். நாளைக்குப் பன்னெண்டரைக்குள்ள வேற பம்ப் வரலைன்னா, என்ற கறுப்பு வண்டில இருக்கறதைக் கழட்டி உங்க வண்டில நானே போட்டுத் தர்றேன்'னு சொன்னீங்க. தென்னைமரத்துமேல கையை வெச்சுச் சொன்னீங்க. அப்புறந்தான் கயிறை அவுத்துவிட்டேன், வால்பாறைக்குப் போனீங்க."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். நாற்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, திறந்த வாயில் ஒன்றும் வரவில்லை.

இல்லை என்று சொல்லலாம். ஆனால் நெகமத்தில் நிற்கவில்லை என்றால் நெகமம் வழியாகப் போகவில்லை. நெகமம் வழியாகப் போகவில்லை என்றால் காத்தாடி சுற்றவில்லை, கோழி வெட்கப்படவில்லை, லாரி கக்கத்தில் ஏறவில்லை. கடைசியில் பம்பே போடவில்லை என்ற இடத்துக்கு வந்து நிற்கும். வாசலில் ரெக்கவரி லாரி நிற்கிறது. ஆமாம் என்று சொல்லலாம். சொன்னால் நாளைய கேடயம் இதோ இந்த ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. இந்த உலகத்தில் எதையுமே நம்பாத ஒருவர் மூன்றடி தள்ளித் தூணில் சாய்ந்திருந்தார்.

"சென்னியண்ணா, நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க. கயிறு ஆனைமலை வரைக்கும் நீண்டுச்சாம். இது நம்பற மாதிரியா இருக்குது?"

சென்னியப்பன் செம்புக்கம்பியைத் தரையில் வைத்தார். பதினேழு வருஷத்துக் கணக்கை ஒரே வார்த்தையில் தீர்க்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை மெதுவாகச் சுவைத்தார்.

"நம்பறதுக்கு என்னப்பா இருக்குது? நான்தான் பின் சீட்டுல உக்காந்திருந்தேனே" என்றார். "நீ கையை வெச்சுச் சத்தியம் பண்ணினப்ப அந்த மரத்துல இருந்து ஒரு காய் விழுந்துச்சு பாரு, என்ற கால்மேலதான் விழுந்துச்சு. உனக்கு ரெண்டு எளநி, எனக்கு ஒண்ணு. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் இருக்குது."

"மன்னிச்சுக்கங்க சென்னியண்ணா" என்றாள் பூங்கொடி. "அடுத்த தடவை ரெண்டாக் குடுக்கறேன்."

நாச்சிமுத்து எழுந்தார். யாரையும் பார்க்காமல் ஸ்பேனரையும் திருகுளியையும் எடுத்துக்கொண்டு கறுப்பு வண்டியின் பின்கதவைத் திறந்தார். சீட்டைத் தூக்கினார். புளுகுவதில் எவ்வளவு ஆர்ப்பாட்டமோ, வேலையில் அவ்வளவு அமைதி அவருக்கு. மூடியைக் கழற்றி, வளையத்தைத் தளர்த்தி, பெட்ரோல் ஒரு சொட்டுச் சிந்தாமல் பம்பை வெளியே எடுத்தார். துடைத்தார். வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். சிவப்பு வண்டிக்குள் இறக்கினார். சென்னியப்பன் கேட்காமலே தன் கடைக்குப் போய், தடித்த வயர் இரண்டு கஜம் கொண்டுவந்து கொடுத்தார்.

ராயப்பன் சீக்கிரம் போகவேண்டிய ஆள்தான். போகவில்லை.

ஒன்றரை மணிக்கு என்ஜின் கிளம்பியது. பூங்கொடி வண்டியை ரோட்டுக்கு எடுத்து, பைபாஸ் பக்கம் ஒரு சுற்றுப் போய், முழு மிதி மிதித்துவிட்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து பெட்ரோல் அழுத்தம் காட்டுகிற முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று நொடி, ஐந்து நொடி, எட்டு நொடி. முள் ஆணியடித்ததுபோல நின்ற இடத்திலேயே நின்றது. அவர் பொருத்திய பம்ப். அவருடைய பம்ப். நாளைக்கு அது முன்னால் ஓட, அவர் தடுப்புக்கம்பிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கவேண்டும்.

ஒர்க்ஷாப் வாசலில் இறங்கினவர், கதவை மூடாமல் நின்றார். கேடயத்தைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று பூங்கொடி நினைத்தாள்.

"அம்மிணி, அந்தக் கயிறு" என்றார் நாச்சிமுத்து தாழ்ந்த குரலில், மூத்த வித்துவானிடம் சந்தேகம் கேட்கிற பணிவோடு. "ஆனைமலை வரைக்கும் போயித் திரும்பி வந்துச்சுன்னீங்களே. அது எத்தனை பிரி போட்டுத் திரிச்சதுங்?"

பூங்கொடி கியரைப் போட்டாள்.

"எங்க மில்லுல கயிறே திரிக்கறதில்லீங்ணா. வெறும் தூள் மட்டுந்தான்."